வெல்டிங் ராடு பிறந்த கதை

சேர்வராயன் மலை இரும்பைத் தின்னும் மலை. அதன் உடம்பு சார்னோக்கைட் என்ற கடும்பாறை. உச்சிச் சமவெளிகளில் பாக்சைட். அடிவாரத்தில், சேலத்தை ஒட்டி, வெள்ளைக்கல் என்று ஊரார் சொல்லும் மேக்னசைட். பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. வெள்ளைக்கல் எஃகு உலைகளின் உள்சுவருக்கான தீச்செங்கல் ஆனது. கடும்பாறை ஜல்லியாகிச் சாலைக்கும் கட்டடத்துக்கும் போகிறது. எதைத் தோண்டினாலும் முதலில் தேய்வது தோண்டுகிற இயந்திரத்தின் பல்தான். வெள்ளக்கடைப் பக்கம் காபித் தோட்டத்துச் சரிவில் பாதை வெட்டப் போகும் பொக்லைனுக்கும் இதே கதிதான். மண்தானே என்று பக்கெட்டை இறக்கினால் கீழே பாறை காத்திருக்கும்.

தேய்ந்த பக்கெட் மலையிறங்கிப் பட்டறைக்கு வரும். வெல்டர் ராடைப் பிடித்து, தேய்ந்த இடத்தில் உலோகத்தை வரிவரியாக ஏற்றுவார். கழன்று ஆடும் பின் துளையை உலோகத்தால் நிரப்பி, லேத்தில் கடைந்து, புது புஷ் அடிப்பார். இதற்குப் பட்டறையில் 'பில்டப்' என்று பெயர். வெல்டிங் என்றதும் நமக்கு நினைவு வருவது இரண்டு இரும்பை ஒட்டுகிற வேலை: ஜன்னல் கம்பி, கேட், கூரைச் சட்டம். பில்டப் அதிலிருந்து கிளைத்த கை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. உருகி இறங்கும் உலோக ராடு முதலில் செய்த பெரிய வேலையே, பழுதான இயந்திரத்தை மறுபடி ஓட வைத்ததுதான்.

மின்சாரப் பொறியில் இரும்பை உருக்கலாம் என்று 1880-களின் தொடக்கத்தில் செய்து காட்டியவர் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்தோஸ். அவர் கையில் இருந்தது கரிக் கம்பி. கரிக்கும் இரும்புக்கும் இடையே மின்வில் எரியும். அந்தச் சூட்டில் இரும்பு இளகும். ஆனால் கரி, உலோகத்தைக் கொடுக்காது. குறைந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால் வேறொரு கம்பியைத் தனியாக நீட்ட வேண்டும்.

அந்தக் கரியை எடுத்துவிட்டு உலோகத்தையே கம்பியாக வைத்தவர் நிக்கோலாய் ஸ்லாவியானோவ். யூரல் மலைப் பகுதியில் பெர்ம் நகரத்துப் பீரங்கி ஆலையில் அவர் பொறியாளர். சுரங்கப் படிப்பு படித்தவர். பெரிய ஆலை என்றால் நாள்தோறும் ஏதாவது உடையும், தேயும். பல்சக்கரத்தில் ஒரு பல் போனால் முழுச் சக்கரத்தையும் புதிதாக வார்க்க வேண்டும். 1888-ல் அவர் அங்கே ஒரு நீராவி இயந்திரத்தின் கிராங்க் தண்டைத் தம் முறையில் பற்றவைத்துச் சரிசெய்தார். கம்பியே மின்வில்லில் உருகி, சொட்டுச் சொட்டாகப் பழுதான இடத்தில் இறங்கி, அங்கேயே உறைந்தது. அவர் இதை 'உலோகங்களை மின்சாரத்தால் வார்த்தல்' என்றே அழைத்தார். ஒட்டுதல் என்ற எண்ணமே அதில் இல்லை. போனதைத் திரும்ப வார்ப்பது என்பதுதான் எண்ணம்.

இன்றைய வெல்டர் செய்யும் பலவற்றை அவர் அப்போதே செய்தார். பொருளை முன்கூட்டியே சூடாக்கினார். உருகிய உலோகத்தைக் காற்று தொட்டால் கெடும் என்று கண்டு, நொறுக்கிய கண்ணாடியைத் தூவி அதன்மேல் கசடு மூடச் செய்தார். பல்சக்கரம், சிலிண்டர், உடைந்த தேவாலய மணி எல்லாம் அவரிடம் வந்தன. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு எட்டு வகை உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு கட்டையை அனுப்பினார். ஒட்டவே ஒட்டாது என்று நினைத்த உலோகங்கள் அதில் சேர்ந்து நின்றன, பதக்கமும் கிடைத்தது. 1897-ல் அவர் இறந்தார்.

குறை ஒன்று மிச்சமிருந்தது. வெறும் கம்பியை உருக்கினால் காற்று புகுந்து உலோகம் துளைவிட்டு நொறுங்கும். கண்ணாடித் தூளைச் சமதரையில் தூவலாம். செங்குத்துச் சுவரிலும் தலைக்கு மேலேயும் எப்படித் தூவுவது? இதற்கு விடை கண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் செல்பெரி. அவரும் பழுது பார்ப்பவர்தான். கோதன்பர்க் துறைமுகத்தில் கப்பல்களின் நீராவிக் கொதிகலன்கள் கசியும். அவற்றைச் சரிசெய்ய நல்ல வழி தேடினார். 1904-ல் அதற்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார். கனிமப் பொடிகளைக் குழைத்து, கம்பியை அதில் தோய்த்துக் காயவைத்தார். பற்றவைக்கும்போது அந்தப் பூச்சு எரிந்து வாயுவாகிக் காற்றைத் தள்ளும். மிச்சம் கசடாகி உலோகத்தை மூடும். 1907-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பார்க்கிற, சாம்பல் பூச்சுப் பூசிய வெல்டிங் ராடு பிறந்தது இப்படித்தான். அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஈசாப். அதன் இந்திய நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அம்பத்தூரில் ஆலையும் உண்டு. ராடு பாக்கெட்டில் அந்தப் பெயரைப் படிக்கிற சேலத்து வெல்டர், கசிந்த கொதிகலன் ஒன்றின் கதையையும் சேர்த்தேதான் வாங்குகிறார்.

ராடின் மேல் உலகத்துக்கு நம்பிக்கை வந்தது போரில். 1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதன் துறைமுகங்களில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியக் கப்பல்களைக் கைப்பற்றியது. கப்பல் அமெரிக்காவுக்கு உதவக் கூடாதென்று அதன் மாலுமிகள் முன்பே இயந்திரங்களை உடைத்து வைத்திருந்தார்கள். பெரிய வார்ப்பிரும்பு சிலிண்டர்களில் ஆளளவு ஓட்டைகள். புதிதாக வார்த்துப் பொருத்தினால் ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கடற்படைப் பொறியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். உடைந்த விளிம்பில் எஃகு ஆணிகளைத் திருகி, ஒட்டுத் தகடு வைத்து, மின்வில்லால் உலோகம் ஏற்றினார்கள். சில மாதங்களிலேயே அந்தக் கப்பல்கள் அமெரிக்கப் படையை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தன. வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாது என்ற பேச்சு அதோடு அடங்கிப்போனது.

அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது. தேய்ந்த இடத்தில் பழைய உலோகத்தையே ஏன் ஏற்ற வேண்டும்? அதைவிடக் கடினமானதை ஏற்றினால் என்ன? அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் 1907-ல் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த ஸ்டெல்லைட் என்ற கலவைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1920-களில் கலிபோர்னியா எண்ணெய் வயல்களில் துளையிடும் கருவிகள் மழுங்கியபோது அவற்றின் முனையில் இத்தகைய கலவைகளை ஏற்றினார்கள். அங்கே ஸ்டூடி சகோதரர்கள் எஃகுக் குழாய்க்குள் குரோமியம் போன்ற பொடிகளை அடைத்து, குழாயையே ராடாக்கினார்கள். மேலே கடினம், உள்ளே உறுதி. பட்டறைகளில் 'ஹார்ட்ஃபேசிங்' என்று பெயர் சொல்லும் வேலை அன்றைக்கு உருவெடுத்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பெரிய பள்ளிக்கூடம் நெய்வேலி. 1957-ல் சுரங்கம் தோண்டத் தொடங்கி, 1961-ல் பழுப்பு நிலக்கரியை எட்டினார்கள். அதற்கு மேல் கிடந்தது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கரவாளித் தோண்டிகள் மென்மையான மண்ணுக்குப் பழகியவை. நம்மூர் மணற்கல் அவற்றின் பற்களை அரம் வைத்ததுபோல் ராவித் தள்ளியது. முதலில் வெடிவைத்துக் கல்லைத் தளர்த்த வேண்டியிருந்தது. தேய்ந்த பற்களைப் பணிமனைக்குக் கொண்டுவந்து கடினக் கலவை ஏற்றித் திருப்பி அனுப்புவது அன்றாட வேலையானது. திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின்கீழ், ஐ.நா. உதவியோடு, 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதே ஊரில் 1928 முதல் பொன்மலை ரயில்வே பணிமனை இருக்கிறது. ரயில் எஞ்சினைக் கழற்றி, அளந்து, தேய்ந்ததை மீட்டு, கோத்து, ஓட்டிப் பார்த்து அனுப்புவதே அதன் பிழைப்பு. 'மறு உற்பத்தி' என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே அதைச் செய்துவந்த இடம் பொன்மலை.

பட்டறை அறிவு நுணுக்கமானது. பாறையில் உழைக்கும் பக்கெட் என்றால் கல் வழுக்கிப்போகும் திசையிலேயே வரிகளைப் போட வேண்டும். மணலில் உழைப்பது என்றால் குறுக்கே போட வேண்டும். வரிகளுக்கு இடையே மணல் தங்கி, தானே கவசமாகிவிடும். இரண்டும் கலந்த இடத்துக்குக் கட்டம் கட்டமாக. ஜல்லி கிரஷரின் ஜா பிளேட் மாங்கனீஸ் எஃகு; 1882-ல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹேட்ஃபீல்ட் கண்டது. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் எஃகு அது. அதைப் பற்றவைக்கும்போது சூடேறவிடக் கூடாது, நொறுங்கும். சிறிது போட்டு ஆறவிட்டுப் போட வேண்டும். வார்ப்பிரும்புக்கும் கிராங்க் தண்டுக்கும் நேர்மாறு. முன்கூட்டியே சூடாக்காமல் தொட்டால் பெரும்பாலும் விரிசல் விடும். இரும்பு என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துகிறவர் கையில் இரண்டும் கெடும். குரோமியக் கலவை ஏற்றிய இடத்தில் மெல்லிய குறுக்கு விரிசல்கள் தெரியும், வாடிக்கையாளர் பயப்படுவார். உறைந்து சுருங்கும் இழுவிசை அப்படித்தான் தணிகிறது. அடி உலோகத்துக்குள் இறங்காதவரை அது குறையல்ல.

உலோகம் ஏற்றாமலே ஆயுள் கூட்டும் வழியும் உண்டு. செயின் வண்டியின் டிராக் புஷ், ஸ்ப்ராக்கெட் பல் உரசும் ஒரு பக்கம்தான் தேயும். உரிய நேரத்தில் கழற்றி அரைச்சுற்று திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். தேய்ந்து ஓட்டையான பிறகு வந்தால் திருப்ப ஒன்றும் இருக்காது. கிராங்க் தண்டு தேய்ந்தால் முதலில் கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். இடம் தீர்ந்த பிறகுதான் உலோகம் ஏற்றும் பேச்சு. மலைத் தோட்டத்துக் காபி பல்பரிலும் இதே ஞானம்தான். பழத்தோலை உரிக்கும் உருளையின் முள்வைத்த செப்புத் தகடு மழுங்கினால், தகட்டை மட்டும் மாற்றுகிறார்கள். உருளை அப்படியே தொடர்ந்து உழைக்கும்.

இத்தனைக்கும் பெரிய நிறுவனங்கள் தேய்ந்த பாகத்தை மீட்பதைத் தனித் தொழிலாக்கியது பின்னால்தான். இன்று திருவள்ளூரிலும் ஓசூரிலும் ஆலை வைத்திருக்கும் கேட்டர்பில்லர், 1973-ல் அமெரிக்காவில் பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் பிரிவைத் தொடங்கியது. பழைய பாகத்தைக் கொடு, புதுப்பித்த பாகத்தை உத்தரவாதத்தோடு வாங்கிக்கொள், பழையது உருப்படியாக இருந்தால் முன்பணம் திரும்பும் என்பது அதன் கணக்கு. பாகத்தை முழுக்கப் பிரித்து, கழுவி, கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் தேடி, ஒவ்வொன்றையும் அளந்து, மீட்டு, கோத்து, சோதித்த பிறகே வெளியே விடுவார்கள். புதியதற்கு நிகரான செயல்திறனும், புதியதற்கு நிகரான உத்தரவாதமும் இருந்தால்தான் அது மறு உற்பத்தி என்று 2009-ல் வந்த பிரிட்டிஷ் தரவரையறை சொல்கிறது. அந்த அளவை எட்டாதது மறு உற்பத்தி ஆகாது.

நம் பட்டறைகளின் நிலையை இந்த அளவுகோலில் வைத்தால் தீர்ப்பு தெளிவு. கை இருக்கிறது, காகிதம் இல்லை. கடின ராடு எது, எத்தனை அடுக்கு, எவ்வளவு சூடு என்பது மேஸ்திரியின் தலைக்குள் இருக்கிறது, எழுத்தில் இல்லை. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவி விரிசலைக் காட்டும் சோதனைக்குப் பெரிய செலவில்லை. பல இடங்களில் அதைச் செய்வதில்லை. மீட்ட தண்டு ஆறு மாதத்தில் முறிந்தால் ராடின் குற்றமா, பழைய விரிசலின் குற்றமா என்று சொல்ல ஆதாரம் இருக்காது. அதனால்தான் புதிய பாகத்தின் விலையைக் கேட்டு மலைக்கிற வண்டிக்காரரும்கூட மீட்ட பாகத்தை நம்பத் தயங்குகிறார்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேய்ந்த பாகத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் பட்டறையில் மூன்று கேள்வி கேளுங்கள். விரிசல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? எந்த ராடு போடப் போகிறீர்கள்? வேலை முடிந்ததும் அளவை எழுதிக் கொடுப்பீர்களா? கேட்கிறவர்கள் பெருகினால் எழுதிக் கொடுக்கிற பட்டறைகளும் பெருகும். எழுதிக் கொடுக்கிற பட்டறைக்கு நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். அது வீண் செலவல்ல.