நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுச் சுடும் கைவினைத் துப்பாக்கி ஆகும். இலங்கைத் தமிழர் இவ்வகைத் துப்பாக்கியை இடியன் துவக்கு என்பர். 'துப்பாக்கி' துருக்கி மொழியிலிருந்து வந்த சொல். முன்னால் உள்ள 'நாட்டு' என்னும் அடை, நாட்டுக்கோழி, நாட்டு ஓடு என்பவற்றில் உள்ளதைப் போல, உள்ளூரில் உருவானது என்பதைக் குறிக்கிறது.

போர்ச்சுக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தபின், திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கிகள் தென்னிந்தியாவில் பரவின. உள்ளூர்க் கொல்லரும் தச்சரும் அவற்றைத் தாமே செய்யத் தொடங்கினர். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே மருந்து. இதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு.

இத்துப்பாக்கியில் ஒரு முறை சுட்டபின் மறுபடி மருந்து கொட்டி, குண்டு போட்டு, இரும்புக் கோலால் இடிக்க வேண்டும். அதற்குள் பன்றி ஓடிவிடும். எனவே முதல் வெடியே குறி தப்பாமல் இருக்க வேண்டும். மேலும், விசையை இழுத்ததற்கும் குண்டு வெளியேறுவதற்கும் இடையே ஒரு சிறு தாமதம் உண்டு. திரியிலும் சக்கிமுக்கியிலும் அது நன்றாகவே தெரியும். கேப்பு வந்தபின் குறைந்தது. அந்த இடைவெளியில் துப்பாக்கி அசைந்தால் குறி போய்விடும். இதனால்தான் கட்டையின் அளவு முக்கியமாகிறது. கை நீளத்துக்கும் கழுத்துக்கும் கன்னத்துக்கும் பொருந்தச் செதுக்கிய கட்டை, எடுத்த எடுப்பில் கண்ணைக் குழலின் நேருக்குக் கொண்டுவந்துவிடும். குட்டையானவருக்குச் செய்ததை நெட்டையானவர் பிடித்தால் தடுமாற்றம்தான். கையால் செய்த குழல்களின் துளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்தந்தத் துப்பாக்கிக்கு அதனதன் குண்டச்சு வேண்டும். கண்டி நாட்டுப் பழைய துப்பாக்கிகள் பலவற்றில் கட்டையின் அடி இரண்டாகப் பிளந்தும் பூட்டு இடப்புறமும் இருப்பது, உள்ளூர்க் கைவினை தன் போக்கில் சென்றதற்குச் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகள் இதற்கு நேர்மாறாக நடந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பின் முதன்மை ஆயுதமும் வாய்வழி நிரப்பும் ரைபிள்தான். ஆனால் ஸ்பிரிங்பீல்டு ரைபிள் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தலாம். எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே அளவு. சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரில் உள்ள கர்னல் ஒல்காட், அடையாற்றுக்கு வருவதற்கு முன் அந்தப் போரில் படைத்துறை மோசடிகளை விசாரித்த அதிகாரி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

தமிழகத்தில் 1801-இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின் பாளையங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் கேட்டது. குடகர்களுக்கு விலக்கு கிடைத்தது. அது இன்றும் தொடர்கிறது. 2019-இல் அவ்விலக்கு மேலும் பத்தாண்டு நீட்டிக்கப்பட்டது. குடகில் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, வீட்டில் இறப்பு நேர்ந்தால் இரண்டு வெடி. செப்டம்பரில் வரும் கைல்போள்து விழாவில் துப்பாக்கிகளுக்குப் பூச்சூட்டி வழிபடுவர். 'தோக்குப் பூ', அதாவது துப்பாக்கிப் பூ என்று அவர்கள் சொல்வது வேறொன்றுமல்ல, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான்.

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வாய்வழித் துப்பாக்கியைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பயிர்க் காவலுக்கு என்று உண்மையாகக் கேட்பவருக்கு அதற்கு உரிமம் தரலாம் என்பது அதன் 13-ஆம் பிரிவு. காட்டோரத்தில் நிலக்கடலையோ சோளமோ விதைத்தவருக்கு இது பொருந்தும். பயிரே இல்லாதவர் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. நரிக்குறவர் அத்தகையோர். நரியைப் போல ஊளையிட்டு நரியை வரவழைத்தும், கண்ணி வைத்தும், நாட்டுத் துப்பாக்கியால் பறவை சுட்டும் வாழ்ந்த அவர்களின் வேட்டை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் குற்றமாயிற்று. ஊசியும் பாசிமணியும் விற்பதே பலருக்குப் பிழைப்பானது. வேட்டையை இழந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2023 தொடக்கத்தில்தான் அவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.