சிவில் நிர்வாகத்துக்கு ராணுவ உதவி (இந்தியா)

உள்நாட்டுக் கலவரமோ கிளர்ச்சியோ போலீஸின் கைமீறிப் போகும்போது, சிவில் நிர்வாகம் கேட்டுக்கொண்டதன் பேரில் ராணுவம் வந்து ஒழுங்கை மீட்டுத் தருவதற்கு இந்தியச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. வெள்ளம், புயல், நிலநடுக்கக் காலங்களில் ராணுவம் செய்யும் மீட்புப் பணியும் இதே தலைப்பில்தான் அடங்கும் என்றாலும், இங்கே சட்டம் ஒழுங்குப் பணி மட்டுமே பேசப்படுகிறது. இதை ராணுவ ஆட்சியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ராணுவ ஆட்சியில் சிவில் அதிகாரம் ஒதுங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டில் அது இருந்த இடத்திலேயே இருக்க, ராணுவம் அதற்குத் துணையாக வந்து வேலை முடிந்ததும் முகாமுக்குத் திரும்புகிறது. நடைமுறையில் இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டியவர் நிர்வாகத்துறை நடுவர், அதாவது மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ தாசில்தாரோ. சம்பவ இடத்தில் அவர் இருந்தாரா இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனால், இந்தப் பொருளின் வரலாற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சட்ட அடிப்படை

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொது ஒழுங்கு மாநிலங்களின் பொறுப்பு. ஆனால் அதே பதிவு, சிவில் அதிகாரத்துக்கு உதவியாக ஒன்றியத்தின் ஆயுதப் படைகளைப் பயன்படுத்துவதை மாநிலத்தின் வரம்பிலிருந்து விலக்கிவைக்கிறது. 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்ற பதிவைச் சேர்த்து, படைகளை மாநிலங்களில் நிறுத்தும் அதிகாரத்தை வெளிப்படையாகவே ஒன்றியத்துக்குத் தந்தது. உள்நாட்டுக் குழப்பத்திலிருந்து மாநிலங்களைக் காப்பது ஒன்றியத்தின் கடமை என்று 355-ஆவது பிரிவும் சொல்கிறது.

அன்றாட நடைமுறைக்கு ஆதாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 129 முதல் 132 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148 முதல் 151 வரை இடம்பெறுகின்றன. கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்வது முதல் படி. அதை நடுவரும் செய்யலாம், காவல் நிலைய அதிகாரியும் செய்யலாம். போலீஸால் முடியாமல் போனால், அங்கிருக்கும் நடுவர் ராணுவ அதிகாரியிடம் கோரிக்கை வைக்கிறார். பழைய சட்டத்தில் அங்கிருப்பவர்களில் மூத்த நடுவருக்கு இந்த அதிகாரம் இருந்தது. புதிய சட்டத்தில் மாவட்ட நடுவருக்கும் அவர் அதிகாரம் அளித்தவருக்கும் உரியது. கோரிக்கை வந்தபின் மறுப்பதற்கு அந்த அதிகாரிக்கு உரிமை இல்லை. ஆனால் எப்படிச் செய்வது என்பது முழுக்க அவர் முடிவு. கூட்டத்தைக் கலைக்கத் தேவையான அளவுக்கு மேல் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது, உயிருக்கும் உடைமைக்கும் இயன்றவரை குறைந்த சேதமே நேர வேண்டும் என்பதுதான் சட்டம் அவருக்கு விதிக்கும் எல்லை. ராணுவத்தை இறக்க வேண்டுமா என்பதைச் சிவில் அதிகாரியும், இறங்கியபின் என்ன செய்வது என்பதை ராணுவ அதிகாரியும் முடிவுசெய்யும் இந்தப் பிரிவினை, காலனியச் சட்டம் விட்டுப்போன நல்ல ஏற்பாடுகளில் ஒன்று.

நடுவரைத் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில், பொதுப் பாதுகாப்புக்கு வெளிப்படையான ஆபத்து இருந்தால், கமிஷன் பெற்ற அதிகாரி தானாகவே கூட்டத்தைக் கலைக்கலாம். இடையில் நடுவரோடு தொடர்பு கிடைத்துவிட்டால், மேற்கொண்டு தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்தக் கணம் முதல் நடுவர்தான் சொல்ல வேண்டும்.

களத்தில்

ராணுவம் வந்ததும் பொதுமக்கள் முதலில் காண்பது கொடி அணிவகுப்பு. வண்டிகளும் வீரர்களும் முக்கியத் தெருக்கள் வழியே மெதுவாகப் போவார்கள். பல இடங்களில் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. ராணுவம் எந்தப் பக்கமும் சாயாது, அது சுட்டால் குறி தப்பாது என்ற இரண்டு நம்பிக்கைகள்தான் தெருவைக் காலி செய்கின்றன. அடிக்கடி அழைத்தால் இந்த மதிப்புத் தேய்ந்துவிடும் என்று ராணுவத் தளபதிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

சுட நேர்ந்தால் பின்பற்ற வேண்டியவற்றை ராணுவத் தலைமையகமே ஒரு பட்டியலாகத் தந்திருக்கிறது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தன் தீர்ப்பில் சேர்த்து, கட்டுப்படுத்தும் விதிகளாக்கியது. துப்பாக்கியை எடுக்குமுன் பியூகிள் ஊதியோ வேறு வழியிலோ கூட்டத்தின் கவனத்தைத் திருப்பி எச்சரிக்க வேண்டும். அதிகாரியே நேரடியாக ஆணையிட்டுச் சுடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும். கூட்டத்தின் முன்னால் நின்று கலவரம் செய்பவர்களையும் தூண்டிவிடுபவர்களையும் தாழ்வாகக் குறிபார்க்க வேண்டுமே தவிர, பின்னால் திரண்டிருப்பவர்களுக்குள் சுடக் கூடாது. எத்தனை தோட்டா செலவானது என்று குறித்துவைக்க வேண்டும். நோக்கம் நிறைவேறிய உடனே நிறுத்த வேண்டும், காயம்பட்டவர்களைக் கவனிக்க வேண்டும். சிவில் நிர்வாக விஷயங்களில் தலையிடக் கூடாது, யாரிடமும் பரிசோ நன்கொடையோ வாங்கக் கூடாது என்ற வரிகளும் அதில் உண்டு.

அமிர்தசரஸும் பெஷாவரும்

மேலே உள்ள பட்டியலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் கிடைப்பது ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயரின் வீரர்கள் அங்கே திரண்டிருந்த கூட்டத்தின்மீது எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுமார் 10 நிமிடம் சுட்டார்கள். செலவானவை 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கின்படி 379 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களை அங்கேயே விட்டுவிட்டுப் படை திரும்பியது. பாக்குக்குள் நுழையும் சந்து குறுகலாக இல்லாமல் இருந்திருந்தால் கவச வண்டிகளை உள்ளே கொண்டுபோய் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற பொருளில் டயர், சம்பவத்தை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் சொன்னார். குறைந்த அளவு பலத்தையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. ஆகவே குறை சட்டத்தில் இல்லை. மாவட்ட துணை ஆணையர் மைல்ஸ் இர்விங் இரண்டு நாள் முன்பே நகரத்தின் பொறுப்பை ராணுவத்திடம் ஒப்படைத்திருந்தார். பாக்கில் சுட்டபோது டயருடன் எந்த நடுவரும் இல்லை. ராணுவ ஆட்சி முறைப்படி அறிவிக்கப்பட்டதோ ஏப்ரல் 15-ல்தான்.

11 ஆண்டுகள் கழித்து, 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி பஜாரில் வேறு விதமாக நடந்தது. நிராயுதபாணிகளான பட்டாணியர் கூட்டத்தின்மீது சுட ராயல் கட்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் ஒரு குழு மறுத்துவிட்டது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சந்திர சிங் கட்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உடனிருந்தவர்களும் ராணுவ நீதிமன்றத்தைச் சந்தித்தார்கள். உள்நாட்டுப் பணியை ராணுவங்கள் ஏன் விரும்புவதில்லை என்பதற்கு பெஷாவரும் ஒரு விடை: தன் ஜனங்கள் முன்னால் நிறுத்தப்படும்போது படையின் கட்டுக்கோப்பே சோதனைக்கு வருகிறது.

சுதந்திரத்துக்குப் பின்

பிரிவினைக் கலவரம் தொடங்கி இந்த ஏற்பாடு அடிக்கடி பயன்பட்டது. 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் சென்னை மாநிலம் முழுவதும் பரவியபோது முதலமைச்சர் பக்தவத்சலத்தின் அரசு ராணுவத்தை அழைத்தது. தமிழ்நாட்டில் மக்கள் போராட்டத்தின்முன் ராணுவம் துப்பாக்கியோடு நின்றதற்குப் பெரிய உதாரணம் இதுவே. துப்பாக்கிச் சூடு நடந்த பொள்ளாச்சியின் பெயர் அதோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது. அந்தப் போராட்டக் கலவரங்களில் அரசுக் கணக்கில் சுமார் 70 பேர் உயிரிழந்தார்கள்.

1973 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. மாநிலத்தின் ஆயுதப் போலீஸான பிஏசி கிளர்ந்தெழுந்தது. அடக்க வந்த ராணுவத்தோடு பல ஊர்களில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அடுத்த மாதமே முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலகினார். சட்டத்தை எழுதியவர்கள் கலவரக் கூட்டத்தை மனதில் வைத்தார்களே தவிர, சீருடை அணிந்த கலகக்காரர்களை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

2016 பிப்ரவரியில் ஹரியாணாவில் ஜாட் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது சாலைகள் மறிக்கப்பட்டதால் ரோத்தக்குக்கு வீரர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே ஒன்றிய அரசு ராணுவத்துக்கும் போலீஸுக்கும் நடுவே மத்திய ஆயுதப் போலீஸ் படைகளைப் பெருக்கிக்கொண்டே வந்தது. 1939-ல் நீமச்சில் தொடங்கிய படை 1949-ல் சிஆர்பிஎஃப் ஆனது. கலவரங்களுக்கென்றே அதன் ஒரு பிரிவாக அதிரடிப்படை 1992-ல் இயங்கத் தொடங்கியது. அதன் பட்டாலியன்களில் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கிறது. ராணுவத்தை அழைப்பது பெரும்பாலான மாநிலங்களில் அரிதாகிப் போனதற்கு இதுவே முதல் காரணம்.

சிறப்பு அதிகாரச் சட்டம்

நடுவரைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தில் பார்க்கலாம். அதன் முன்னோடி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒடுக்க வைசிராய் லின்லித்கோ 1942 ஆகஸ்ட் 15 அன்று பிறப்பித்த அவசரச் சட்டம். நாகர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தபோது, மணிப்பூர் எம்பி லைஷ்ராம் அச்சாவ் சிங் கடுமையாக எதிர்த்தார். முதலில் அசாமுக்கும் மணிப்பூருக்கும் மட்டும் வந்த சட்டம் பிறகு வடகிழக்கு முழுவதற்கும் பரவியது. பஞ்சாபுக்கு 1983-லும் ஜம்மு காஷ்மீருக்கு 1990-லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன.

ஒரு பகுதி ‘குழப்பப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டால், உரிய எச்சரிக்கைக்குப் பின் உயிர்போகும் அளவுக்குக்கூடச் சுடவும், வாரன்ட் இல்லாமல் கைது செய்யவும், வீடு புகுந்து சோதிக்கவும் படையினருக்கு அதிகாரம் உண்டு. வெள்ளைக்காரரின் 1942 அவசரச் சட்டம் சுடும் அதிகாரத்தைக் கேப்டனுக்குக் கீழே இறக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் சட்டத்தில் அது கமிஷன் பெறாத அதிகாரி வரை இறங்கியது. நடுவர் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கைதானவரை இயன்ற விரைவில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதே சிவில் அதிகாரத்தோடு எஞ்சியிருக்கும் கயிறு.

மேலே சொன்ன அதே 1997 தீர்ப்பில், நாகா மக்கள் மனித உரிமை இயக்கம் தொடுத்த வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சட்டம் செல்லும் என்றது. சிவில் அதிகாரம் தொடர்ந்து இயங்க வேண்டும், அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடுகளையும் சேர்த்தது. ஆறு மாதம் என்பது பல இடங்களில் பல பத்தாண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்தது. 2000 நவம்பர் 2 அன்று மணிப்பூரின் மாலோமில் பேருந்து நிறுத்தத்தில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து சட்டத்தை நீக்கக் கோரிச் செயற்பாட்டாளர் இரோம் ஷர்மிளா தொடங்கிய உண்ணாவிரதம் 2016 ஆகஸ்ட் வரை நீடித்தது. அரசு அமைத்த ஜீவன் ரெட்டி குழு 2005-ல் சட்டத்தை ரத்துசெய்யப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை.

சட்டத்தின் கடினமான முடிச்சு 6-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் படையினர்மீது வழக்கு நடத்த முடியாது. ஜம்மு காஷ்மீரில் 2001-க்குப் பிறகு அனுமதி கேட்டு வந்த 50 வழக்குகளில் 47-க்கு மறுப்பு, 3 நிலுவை என்று 2018-ன் தொடக்கத்தில் மாநிலங்களவையில் அரசு பதில் தந்தது. 2016-ல் மணிப்பூரின் 1,528 மரணங்கள் தொடர்பான வழக்கில், குழப்பப் பகுதியிலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் ஓட்டிங்கில் தெரிந்தது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் அந்தக் கிராமத்தில், சுரங்க வேலை முடித்து வண்டியில் திரும்பிய 6 பேரைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவச் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. தொடர்ந்த மோதலில் மேலும் 7 பொதுமக்கள் இறந்தார்கள். மாநிலப் போலீஸ் 30 வீரர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒன்றிய அரசு அனுமதி மறுத்தது. 2024-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

பிற நாடுகள்

அமெரிக்காவில் 1878-ஆம் ஆண்டின் போஸ் காமிட்டாட்டஸ் சட்டம் ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆனால் 1807-ஆம் ஆண்டின் கிளர்ச்சிச் சட்டம் அத்தகைய பயன்பாட்டுக்கு ஒரு வாசல் திறந்துவைத்திருக்கிறது. 1957-ல் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க ஐசன்ஹோவர் படை அனுப்பியது இந்த வகை. 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது ஒரு வீட்டின் முன் உள்ளூர் போலீஸ்காரர், தனக்குத் துணையாகத் துப்பாக்கியோடு தயாராக நிற்கும்படி மரைன் வீரர்களைக் கேட்டார். அவர்களுடைய பயிற்சியில் அதே கட்டளைக்கு எதிரி தலைதூக்காதபடி சுடுவது என்று பொருள். 200-க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் வீட்டுக்குள் பாய்ந்தன. வீட்டில் இருந்த யாருக்கும் காயம் இல்லை என்பது அதிர்ஷ்டம்.

வட அயர்லாந்தின் டெர்ரியில் 1972 ஜனவரி 30 அன்று பிரிட்டிஷ் பாராசூட் படை 13 பேரைக் கொன்றது. அதற்குப் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில் 1947-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி ஜனாதிபதி வர்த்தமானி மூலம் படைகளை அழைக்கலாம். அவசரநிலை 2011-ல் முடிந்த பிறகும் இந்த ஆணை மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டது. 2013 ஆகஸ்ட் 1 அன்று கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டுத் திரண்ட மக்கள்மீது ராணுவம் சுட்டதில் 3 பேர் இறந்தார்கள்.

மணிப்பூர், 2023

2023 மே 3 அன்று மணிப்பூரில் மைதேயி, குக்கி மக்களுக்கிடையே கலவரம் வெடித்தபோது இரண்டு சட்ட ஏற்பாடுகளும் ஒரே மாநிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இம்பால் பள்ளத்தாக்கின் 19 காவல் நிலைய எல்லைகளில் சிறப்பு அதிகாரச் சட்டம் அதற்கு முன்பே விலக்கப்பட்டிருந்தது; மலைப்பகுதிகளில் அது நீடித்தது. எனவே மலையில் தானாகச் செயல்பட முடிந்த படைக்குப் பள்ளத்தாக்கில் நடுவர் தேவைப்பட்டார். ஜூன் 24 அன்று இதாம் கிராமத்தில் 12 தீவிரவாதிகளைப் பிடித்த ராணுவக் குழுவை, பெண்கள் முன்னின்ற 1,200-க்கும் மேற்பட்டோர் சூழ்ந்துகொண்டார்கள். பொறுப்பில் இருந்த அதிகாரி சுடுவதற்குப் பதிலாகப் பிடித்தவர்களை விட்டுவிட முடிவுசெய்தார். தோல்வி என்று சிலர் ஏளனம் செய்தாலும், குறைந்த அளவு பலம் என்று சட்டம் எழுதிவைத்திருப்பதற்கு அண்மைக் காலத்தில் கிடைத்த தெளிவான உதாரணம் அது. 2024 நவம்பர் 14 அன்று ஜிரிபாம் உட்பட 6 காவல் நிலைய எல்லைகளில் சிறப்பு அதிகாரச் சட்டம் மீண்டும் கொண்டுவரப்பட்டது.