நான்காம் முகாமின் புழுதி

கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கூடாரம் போடப் பல இடங்கள் உண்டு. அவற்றில் வசதி குறைந்தது 'கேம்ப் 4'. மண் தரை, பைன் மரங்கள், உணவைக் கரடியிடமிருந்து காக்க இரும்புப் பெட்டிகள். ஒரே இடத்தை முன்பின் தெரியாத ஆறு பேர்வரை பகிர்ந்துகொள்ள வேண்டும். பக்கத்திலேயே, 1870-களில் ஜான் கான்வே வெட்டிய பாதை யோசெமிட்டி அருவியின் தலைக்கும் அதற்கப்பாலுள்ள காட்டுக்கும் ஏறுகிறது.

பார்த்து வியக்க ஒரு கட்டடமும் இல்லாத இந்தப் புழுதி மண்ணை 2003-இல் அமெரிக்க அரசு வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது.

காரணம், அங்கே தங்கிய பாறையேறிகள். பாறைப் பிளவில் அறைந்து ஏறுவதற்காக ஐரோப்பாவிலிருந்து வந்த மெல்லிரும்பு ஆணிகள் யோசெமிட்டியின் கருங்கல்லில் வளைந்து போயின. சுவிட்சர்லாந்தில் பிறந்த கொல்லர் ஜான் சலாத்தே 1940-களில் கடினமான எஃகில் ஆணி அடித்துக் காட்டினார். சுமார் 3,000 அடி செங்குத்தான எல் கேப்பிட்டனில் 1957 கோடையில் கைவைத்தார் வாரன் ஹார்டிங் (அதே பெயர்கொண்ட அமெரிக்க அதிபர் அல்ல, நில அளவையாளர்). அகன்ற பிளவுகளுக்குப் பொருந்தும் ஆணி கிடைக்கவில்லை. பழைய விறகடுப்பின் கால்களை வெட்டி அடித்து அவரும் கூட்டாளிகளும் ஏறினார்கள். அந்தப் பகுதிக்கு இன்றும் 'ஸ்டவ்லெக்' பிளவுகள் என்றே பெயர். விட்டு விட்டு ஏறி, 1958 நவம்பர் 12 அன்று உச்சியைத் தொட்டார்கள்.

ஈவான் ஷுனார்ட் என்ற இளைஞர் 1957-இல் பழைய உலை ஒன்றை வாங்கிக் கொல்லுத் தொழிலைத் தானே கற்றார். ஆணி ஒன்று ஒன்றரை டாலர். கடை, காரின் பின்புறம். நசுங்கிய டப்பாவில் மலிவாகக் கிடைத்த பூனை உணவைத் தின்றும் நாளை ஓட்டியவர். ஆனால் திரும்பத் திரும்ப அடிக்கப்பட்ட ஆணிகள் பாறையைச் சிதைத்தன. 1972-இல், நன்றாக விற்றுக்கொண்டிருந்த அதே ஆணிகளை விட்டுவிடும்படி தன் விலைப்பட்டியலிலேயே எழுதச் செய்தார். வியாபாரிகளிடம் அடிக்கடி காணக்கிடைக்காத துணிச்சல். 'பேட்டகோனியா' ஆடை நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே.

1997 ஜனவரியில் மெர்செட் ஆறு பெருகிக் கட்டடங்களை அழித்தது. மாற்றுக் குடியிருப்புகளை முகாமை ஒட்டிக் கட்டப் பூங்கா நிர்வாகம் திட்டமிட்டது. பழைய ஏறிகளில் ஒருவரான டாம் ஃப்ராஸ்ட் முன்னின்று வழக்குத் தொடுக்க, திட்டம் கைவிடப்பட்டது.

முகாமுக்கு மேற்கே இருந்த வாஹோகாவுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளுக்கென 1930-களில் நிர்வாகமே சிறு வீடுகள் கட்டிய ஊர் அது. பூங்காவில் வேலை இருந்தால்தான் வீடு. ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேற, எஞ்சியவை 1969-இல் அழிக்கப்பட்டன. அதே இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்ள, அந்தப் பூர்வகுடிகளான மிவோக் மக்களுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018-இல்தான்.