கரண்டியில் எஞ்சிய கசடு: நானோபாய்மக் குளிர்விப்பு ஆய்வின் வரலாறு

காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே ஆவியாகாமல் முத்தென உருண்டோடுவதை நாம் அறிவோம். இதே நிகழ்வு உருக்காலையிலும் அணுவுலைப் பாதுகாப்பிலும் பெருஞ்சிக்கலாகிறது. துளிக்கும் உலோகத்துக்கும் இடையே தோன்றும் ஆவிப்படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாததால், நீரைத் தெளித்தாலும் பரப்பு விரைந்து தணிவதில்லை. நானோதுகள் கலந்த நீரால் இத்தடையைக் குறைக்கலாம் என்னும் கருத்துக்கு முதலில் கூறப்பட்ட காரணம் பின்னர் ஏன் மாறிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜெர்மனியின் டுயிஸ்பர்க் நகரில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய லைடன்ஃப்ராஸ்ட், 1756இல் நீரின் பண்புகள் பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். செந்தழலாகக் காய்ந்த இரும்புக் கரண்டியில் ஒரு துளி நீரை இட்டு, ஊசல் கொண்டு நேரத்தை அளந்தார். முதல் துளி அரை நிமிடத்துக்கும் மேல் நின்றது. கரண்டி சற்று ஆறியபின் இட்ட துளிகள் விரைவில் மறைந்தன. பின்புறம் மெழுகுவர்த்தியை வைத்து நோக்கியபோது, துளிக்கும் கரண்டிக்கும் இடையே ஒளி தெரிந்தது. துளி மறைந்த இடத்தில் எஞ்சிய கசடைக் கண்டு, நீரே மண்ணாக மாறுகிறது என அவர் கருதினார். அம்முடிவு பிழையானது, ஆயினும் கசடு எஞ்சுகிறது என்ற கவனிப்பு பிழையன்று.

திண்மத் துகள் கலந்தால் நீர்மத்தின் கடத்துத்திறன் கூடும் என்பதற்கான கணிதத்தை மேக்ஸ்வெல் 1873இலேயே தந்துவிட்டார். பெருந்துகள்கள் அடியில் தங்கிக் குழாய்களை அடைத்ததால் அது நடைமுறைக்கு எளிதில் வரவில்லை. 1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய், துகளை நானோ அளவுக்குக் குறைக்கும் எண்ணத்தை முன்வைத்து ‘நானோபாய்மம்’ என்ற பெயரையும் வழங்கினார். 2001இல் ஈஸ்ட்மனும் சோயும் அவர்தம் குழுவினரும், எத்திலீன் கிளைக்காலில் 0.3 விழுக்காட்டுக் கனஅளவு செம்புத் துகள் கலந்து 40 விழுக்காடு வரை கடத்துத்திறன் உயர்வு கண்டதாக அறிவித்தனர். மேக்ஸ்வெல்லின் கணக்கை வெகுவாக மீறிய இவ்வெண் ஆய்வாளர்களை ஈர்த்ததில் வியப்பில்லை.

கொதித்தல் ஆய்வுகளோ வேறு கதை கூறின. சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ், புத்ரா, ரோட்சல் ஆகியோர் 2003இல் அலுமினா கலந்த நீரில் கொதித்தல்வழி வெப்பமாற்றம் குறைவதைக் காட்டினர். அதே ஆண்டில் யூவும் அவர் குழுவினரும், அத்தகைய நீரில் உச்ச வெப்பப் பாயம் ஏறத்தாழ மும்மடங்காவதைக் கண்டனர். இவற்றை முரண் எனப் பலர் கொண்டனர். முந்தையது வெப்பமாற்றத்தின் எளிமையை அளந்தது. பிந்தையது பரப்பு ஆவிப்படலத்தால் மூடப்படும் எல்லையை அளந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலாகக் கருதியதே குழப்பத்திற்குக் காரணம் எனலாம்.

விடை பரப்பிலிருந்து கிடைத்தது. கொதிக்கும்போது துகள்கள் சூடேற்றியின்மேல் நுண்துளைப் படலமாகப் படிகின்றன. அப்படலம் நீரின் தொடுகோணத்தை வெகுவாகக் குறைப்பதை 2007இல் எம்.ஐ.டி.யின் புவோன்ஜியோர்னோ குழுவினர் காட்டினர். 2009இல் முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைச் சோதித்து, கடத்துத்திறனில் வியத்தகு உயர்வு ஏதுமில்லை என அறிவித்தன. பழைய கோட்பாடே பொருந்திற்று. அதே ஆண்டு வெளியான மற்றொரு சோதனை இன்னும் தெளிவானது. சூடான எஃகுக் கோளத்தை நானோபாய்மத்தில் முதன்முறை அமிழ்த்தியபோது, அது ஏறத்தாழத் தூயநீரில் போலவே தணிந்தது. அதே கோளத்தை மீண்டும் சூடாக்கி அமிழ்த்தியபோதுதான் மிக விரைந்து தணிந்தது. முதல் அமிழ்த்தலில் படிந்த துகள்களே ஆவிப்படலத்தை முன்கூட்டியே குலைத்தன.

துளிவழிக் குளிர்விப்பிலும் தெளிப்பிலும் இதன் விளைவு பெரிது. ஒவ்வொரு துளியும் ஆவியாகித் தன் துகள்களை விட்டுச்செல்வதால், பரப்பு ஒவ்வொரு கணமும் மாறுகிறது. மெல்லிய படிவு நீரை உறிஞ்சிப் பரப்பும். தடித்த படிவு தானே வெப்பத்தடையாகும். தெளிப்பு முனை அடைபடவும் கூடும். ஆகவே, பரப்பு புதியதா முன்பே துகள் படிந்ததா என்று குறிப்பிடாத தெளிப்பு ஆய்வுகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருந்தாது.