பினாங்குக் கல்லும் எரிமலைக் கல்லும்

தமிழில் கருங்கல் என்பது உறுதிமிக்க கட்டடக் கல்லுக்கு வழங்கும் பொதுப்பெயர். கொத்தனாருக்கு அப்பெயர் போதும். நிலநூல் கற்கும் மாணவருக்கோ அது மயக்கம் தருகின்றது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட்டையும் கருங்கல் என்கின்றோம். கிரானைட்டையும் அவ்வாறே அழைக்கின்றோம். பினாங்கு மலை கருங்கல் மலை எனக் கேட்ட மாணவன், "அஃது எரிமலையா?" என வினவினால் ஆசிரியர் யாது கூறுவது?

எரிமலைப் பாறைகளுள் உலகில் மிகப் பரந்து கிடப்பது பசால்ட். பெருங்கடல்களின் அடித்தளம் பெரும்பாலும் அதுவே. நிலத்தின் மேற்பரப்பில் விரைந்து ஆறுவதால், அதன் மணிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியவை. சிலிக்கா நூற்றுக்கு 45 முதல் 52 வரை. இரும்பும் மக்னீசியமும் மிகுதி. ஆதலின் நிறம் கருமை, எடையும் மிகுதி. ஆவி வெளியேறிய சிறு துளைகள் சிலவற்றில் காணப்படும். ஆறுங்கால் சுருங்கி, அறுகோணத் தூண்களாகப் பிளத்தலும் உண்டு.

பினாங்குக் கல்லின் வரலாறு வேறு. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறிய குழம்பே இன்று 833 மீட்டர் உயர்ந்து நிற்கும் பினாங்கு மலை. மெதுவாக ஆறியதால் படிகக்கல், பெல்ஸ்பார், அப்பிரகம் ஆகிய மூன்றும் தனித்தனி மணிகளாகத் தெரிகின்றன. மேலிருந்த பாறைகள் காலப்போக்கில் கரைந்தமையால் அது வெளிப்பட்டது. ஆகவே, அஃது எரிமலையன்று. மலேசியாவில் பசால்ட்டைக் காண விரும்புவோர் குவாந்தான், சிகாமட் பகுதிகளுக்குச் செல்லுதல் வேண்டும்.

இந்தியாவிலும் இவ்வேறுபாடு உண்டு. அசந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பட்டது சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காணப் பசால்ட்டில். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல்லோ ஆழத்தில் கடுவெப்பத்தில் உருவானது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லும் இவ்வினத்ததே. அதனை ஆராய்ந்த தாமஸ் ஆலந்து, 1893இல் அவர் பெயராலேயே 'சார்னோக்கைட்டு' எனப் பெயரிட்டார். தமிழகத்துக் கல் வங்கத்துக் கல்லறையால் உலகப் பெயர் பெற்றது!

இனி, நம் வரலாற்றுக்கு வருவோம். பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த புக்கிட் மெர்தாஜமில், செரோக் தொக்குன் என்னுமிடத்தில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பெரும் பாறை உள்ளது. அதில் பல்லவ எழுத்தை ஒத்த வடிவில் வடமொழி வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1845இல் ஜேம்ஸ் லோ அதனைக் கண்டறிந்தார். வடக்கே கெடாவில், குனோங் ஜெராயின் அடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் கோயில் நிற்கின்றது. 'பத்து பகாட்' என்னும் மலாய்ச் சொற்றொடருக்கு உளியால் செதுக்கிய கல் என்பதே கருத்து. 1936-37இல் குவாரிச் வேல்ஸ் ஆராய்ந்த அக்கோயில், 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டர் லாம்பின் முயற்சியால் மீண்டும் எழுப்பப்பட்டது. அதன் செதுக்கிய கற்களும் கிரானைட்டே.

கல் உறுதியானது, எழுத்து என்றும் அழியாது என எண்ணுதல் தவறு. வெப்பமும் மழையும் மிகுந்த இந்நாட்டில் கிரானைட்டின் பெல்ஸ்பார் சிறிது சிறிதாக வெண்களிமண்ணாக மாறுகின்றது, மணிகள் உதிர்கின்றன, உடன் எழுத்தும் தேய்கின்றது. கடாரத்தை 1025இல் சோழர் தாக்கியதை மாணவருக்குக் கற்பிக்கின்றோம். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கரையில் எழுதப்பட்ட வரிகள் நம் கண்ணெதிரே மங்கிக் கொண்டிருக்கின்றன.

ஆசிரியர்கள் தம் மாணவரை ஒருமுறை அப்பாறையின் முன் நிறுத்துவார்களாக. மணிகளைக் கண்ணால் காணும் மாணவன், அஃது எரிமலைக் கல் அன்று என்பதைத் தானே அறிவான். எழுத்தைக் காணும்போதோ, அதனைக் காப்பது யார் கடமை என்றும் கேட்பான்.