கடனும் பங்கும்: யாழ்ப்பாணத்தில் தொழில் முதல் திரண்ட வரலாறு

புதிய தொழிலொன்றைத் தொடங்க விரும்புபவனுக்கு அறிவும் உழைப்பும் இருந்தாற் போதா, முதலும் வேண்டும். அம்முதல் இருவகையாக வந்து சேரும். ஒன்று கடன், மற்றையது பங்கு. கடன் கொடுத்தவர் தொழில் வென்றாலும் தோற்றாலும் தமது பணத்தை வட்டியுடன் கேட்பார். பங்கு கொண்டவரோ இலாபத்திலும் நட்டத்திலும் தொழில் செய்பவனோடு சேர்ந்து நிற்பார். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதார வாழ்வைப் பலவகையிலும் உருவாக்கியிருக்கின்றது. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது ஒரு வணிகக் கும்பனியின் படையாகும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி 1602இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல், பொதுமக்களிடம் பங்கு விற்றுத் திரட்டப்பட்டது. சேர்ந்த தொகை ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். அம்ஸ்ரடாம் நகரில் மட்டும் பங்கெடுத்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர். பெருவணிகரோடு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் பெயரும் அப்பதிவேட்டிற் காணப்படுகின்றது. அவர்களுக்கு முதல் இலாபப்பங்கு 1610இலேதான் கிடைத்தது; அதுவும் காசாக அன்றிச் சாதிபத்திரியாகக் கிடைத்தது. கடலில் எத்தனை கப்பல் மூழ்கும், எத்தனை திரும்பும் என்பது தெரியாத நிலையில், பலர் சிறிது சிறிதாக இட்ட பணம் அது. ஆயுத பலத்தோடு சேர்ந்து அப்பணம் கீழைநாடுகளுக்கு இழைத்த கொடுமைகள் பல. எனினும், இடரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாடு பொருளியல் வரலாற்றில் ஒரு திருப்பம் என்பதை மறுத்தற்கில்லை.

அதே கும்பனியின் ஆட்சியிலேயே எமது மக்களின் வழக்காறுகள் ஏட்டில் ஏறின. கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை 1707இற் சட்டமாயிற்று. அதிலே சீதனம், தேடியதேட்டம் என்பவற்றோடு ஒற்றி பற்றிய விதிகளும் உள்ளன. காணியை ஒற்றி வைத்தால், பணம் கொடுத்தவர் அக்காணியைத் தம் வசத்திலே வைத்து, வட்டிக்கு ஈடாக அதன் பயனை அனுபவிப்பார். காணியை விற்க விரும்புபவர் முதலிலே உரித்தாளருக்கும் பங்காளருக்கும் ஒற்றி பிடித்த அயலாருக்கும் அறிவித்தல் வேண்டும். குடும்பச் சொத்து சிதறாமற் காத்த நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால், காணியையே முதலாகக் கொண்ட சமூகத்தில் அம்முதல் எளிதிலே கைமாற முடியாத நிலையும் இதனால் நிலைத்தது. தனது வயலை ஒற்றி வைத்துத் தொழில் தொடங்கியவன், பணம் திருப்புமளவும் அவ்வயலின் விளைவையும் இழந்து நின்றான்.

பிரித்தானியர் காலத்தில் வங்கிகள் வந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் ஐரோப்பியரின் தோட்டங்களுக்கும் ஏற்றுமதி வணிகத்துக்குமே கைகொடுத்தன. சுதேச வணிகர் நாட்டுக்கோட்டைச் செட்டியாரை நாடினர். சாதாரண மக்கள் நகையை ஈடு வைத்தனர். அல்லது அயலவருடன் சேர்ந்து சீட்டுப் பிடித்தனர். சேர் சொராப்ஜி பொச்கனவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை வெளியிட்டதன் பின்னரே, 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

இதற்கிடையில் வடபகுதி மக்கள் தாமே ஒரு வழி கண்டனர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்கள் குடாநாட்டிற் கிராமந்தோறும் வேரூன்றின. ஒருவரையொருவர் நன்கறிந்த அயலவர், ஒருவர் கடனுக்கு மற்றையோர் பொறுப்பேற்றனர். நாணயமே அங்கு ஈடாக நின்றது. திருவாங்கூர்ச் சந்தைக்குப் புகையிலை அனுப்பிய தோட்டக்காரர் கூட்டுறவாக விற்பனை செய்யக் கற்றனர். மூளாயில் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே நிறுவினர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக விளங்கிய திரு. வ. வீரசிங்கம் இவ்வியக்கத்துக்கு ஆற்றிய தொண்டினை யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபம் இன்றும் நினைவூட்டுகின்றது. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். சங்கம் கொடுத்ததும் கடனே. விளைவு இன்னதென்று மதிக்கத்தக்க பயிருக்கு அது பொருந்தும். முன் யாரும் செய்யாத தொழிலுக்கு அது பொருந்துவதரிது.

அப்படியாயின் புதுமை செய்யும் ஆற்றல் இங்கு இல்லாதிருந்ததோ? வல்வெட்டித்துறையின் வரலாறு இல்லை என்று விடை கூறும். அவ்வூர் ஓடாவிகள் கட்டிய, ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். எம்மூர் மாலுமிகள் செலுத்திய அக்கப்பல் சுயெஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்துணைத் திறமை இருந்தும், நீராவிக் கப்பல்களும் 1905இல் கொழும்பைக் காங்கேசன்துறையோடு இணைத்த புகையிரதப் பாதையும் பாய்க்கப்பல் வணிகத்தை நெருக்கியபோது, ஓடாவியின் கைவினையைப் புதிய பொறித் தொழிலாக மாற்றத்தக்க பெருமுதல் அவ்வூரை நாடி வரவில்லை.

குளொஸ்டருக்கு அண்மையிலுள்ளது பொஸ்ரன் நகரம். அன்னபூரணி சென்று எட்டாண்டு கழிய, 1946இல், ஜோர்ஜ் டொறியட் என்னும் பேராசிரியரும் அவர் நண்பரும் அந்நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினர். ஈடு வைக்க ஏதுமில்லாத இளைஞரின் புதிய முயற்சிகளிற் பங்கு கொள்வதே அதன் நோக்கம். 1957இல் கணினி செய்யப் புறப்பட்ட இரு பொறியியலாளருக்கு அது 70,000 டொலர் முதலிட்டு, அவர்தம் நிறுவனத்தில் 70 வீதப் பங்கைப் பெற்றது. அப்பங்கின் மதிப்பு பதினைந்து ஆண்டுகளுள் 35 கோடி டொலரைத் தாண்டிற்று. அந்நிறுவனம் முதலிட்ட எல்லா முயற்சிகளும் இவ்வாறு வெல்லவில்லை. வென்ற ஒன்று தோற்ற பலவற்றின் நட்டத்தை ஈடுசெய்தது. இன்று துணிகர முதல் என வழங்கும் முறையின் கணக்கு இதுவே.

முதற்றொகை மட்டும் போதாது என்பதற்குத் தூத்துக்குடி சான்று. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை 25 ரூபா வீதம் 40,000 பங்குகள் கொண்ட சுதேசிக் கப்பற் கும்பனியை அமைத்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். எதிர்த்த பிரித்தானியக் கும்பனி கட்டணத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி நட்டத்தைத் தாங்கி நின்றது. 1908இல் அவர் சிறைப்பட்டார்; 1911இற் கும்பனி கலைக்கப்பட்டது. நெடுங்காலம் தாங்கும் முதலுக்கே எதிர்ப்பை வெல்ல இயலும்.

நேயர்களே, யாழ்ப்பாணத்தார் இடருக்கு அஞ்சிப் பணத்தைப் பூட்டி வைத்தவர் என்று கூறுவது நீதியாகாது. காணியை ஒற்றி வைத்தும் தாலிக்கொடியை ஈடு வைத்தும் மகனைப் படிப்பித்த பெற்றோர் எத்தனை பேர்! சித்தியடைவானோ, உத்தியோகம் பெறுவானோ என்பது தெரியாமலே அவர்கள் பணமிட்டனர். அவன் கொழும்பிலோ மலாயாவிலோ உழைத்து அனுப்பிய பணம் தங்கையின் சீதனமாகவும் தம்பியின் படிப்பாகவும் திரும்பிற்று. ஈடு கேளாது, பலனைப் பகிர்ந்துகொண்ட பங்கு முதல் அது. எம்மவர் அதனைக் குடும்பத்துக்குள்ளே செய்தனர். குடும்பத்துக்கு வெளியே செய்யத் தயங்கினர் என்பதே உண்மை.

2009இல் போர் ஓய்ந்த பின்னர் இத்தயக்கம் சிறிது தளரக் காண்கின்றோம். யாழ் ஐரி ஹப் என்னும் தன்னார்வ அமைப்பு, 2012இலிருந்து யாழ் கீக் சலெஞ்ச் என்னும் போட்டியை நடத்தி, இளைஞரின் தொழில் எண்ணங்களை அறிந்தோர் முன்னிலையிற் சோதிக்க வழி செய்தது. புலம்பெயர்ந்த எம்மவரிடம் பணமும் அனுபவமும் உண்டு. ஆனால், முன்பின் அறியாத ஓர் இளைஞனுக்கு ஒருவர் முதலிட வேண்டுமாயின், ஒழுங்கான கணக்கு, எழுத்திலமைந்த உடன்படிக்கை, காலந்தவறாத அறிக்கை ஆகியவை வேண்டும். கிராமச் சங்கத்தில் அயலவரின் கண் செய்த காவலை, கடல் கடந்த பங்காளருக்காக இவையே செய்யும்.

இன்னொன்றும் வேண்டும். கடனை இறுக்காதவனை ஊர் இகழ்வது வழக்கம். நேர்மையாக முயன்று, கணக்கை மறையாது காட்டி, தோல்வியுற்ற இளைஞனையும் அவ்வரிசையில் நிறுத்தலாகாது. பரீட்சையில் ஒருமுறை தவறிய மாணவனை நாம் மறுமுறை எழுத அனுப்புகின்றோம். தொழிலில் ஒருமுறை தவறியவனுக்கும் அவ்வாய்ப்பை அளிக்கும் ஊரிலேயே பங்கு முதல் தயங்காது வந்து சேரும்.