கைக்கிளையும் கத்தரிக்கோலும்

மாதுங்காவில் என் அத்தை வீட்டு இரும்பு பீரோவைப் போன தீபாவளிக்கு ஒழித்துக் கொடுத்தேன். அடித்தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளுக்குக் கீழே ஒரு படம் இருந்தது. சினிமாப் பத்திரிகையிலிருந்து கிழித்த வண்ணப் பக்கம். ராஜேஷ் கன்னா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். பக்கத்தில் கதாநாயகியின் உடம்பு அப்படியே இருக்கிறது. முகம் மட்டும் என் அத்தையுடையது! 1970-இல் எடுத்த பள்ளிக்கூட குரூப் போட்டோவிலிருந்து வெட்டி, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறார். வண்ணப் புடவைக்கு மேலே கறுப்பு வெள்ளை முகம், ரெட்டைப் பின்னல். வெட்டும்போது ஒரு காது பாதி போய்விட்டது.

"ஐயோ, அதை ஏண்டா எடுத்தே?" என்றார். எழுபதைத் தாண்டியவர். முகம் சிவந்துவிட்டது.

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் வேறொன்று எழுதுவதாக இருந்தேன். இந்தப் படம் அதைத் தள்ளிவிட்டது.

1969-இல் வெளிவந்த 'ஆராதனா'வைப் பார்க்காத பம்பாய்த் தமிழ்க் குடும்பம் அந்த நாளில் குறைவு. மலை ரயிலின் ஜன்னலோரம் ஷர்மிளா டாகூர், பக்கத்துச் சாலையில் ஜீப்பில் பாடிக்கொண்டே வரும் ராஜேஷ் கன்னா. அவர்கள் பார்த்துக்கொள்ளும் பார்வையில் ஊரே கிறங்கியது. ஆனால் டார்ஜிலிங்கில் அந்தப் பாட்டைப் படமாக்கியபோது ஷர்மிளா அங்கே இல்லை. சத்யஜித் ராயின் படத்துக்குத் தேதி கொடுத்திருந்தார். அவர் பங்கைப் பிறகு ஸ்டுடியோவில் ரயில் பெட்டி செட் போட்டுத் தனியாக எடுத்து, இரண்டையும் வெட்டி ஒட்டினார்கள். அவர் ஓரக்கண்ணால் பார்த்த இடத்தில் ஜீப்பும் இல்லை, நாயகனும் இல்லை. இயக்குநர் சக்தி சாமந்தா செய்ததும் என் அத்தை செய்ததும் ஒரே வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு எடிட்டர் இருந்தார், அத்தைக்குக் கத்தரிக்கோல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஒருதலைப் பிரியத்துக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. கைக்கிளை. தொல்காப்பியர் அன்பின் ஐந்திணைக்கு ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் பெருந்திணையையும் வைத்தார். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. அவர் மனம் வைத்தவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன். ஆமூர் மல்லனோடு மற்போர் செய்தவன். இந்த அம்மாள் என்ன செய்கிறார்? அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் தாய்க்குப் பயம், வெளியில் அவைக்கு வெட்கம். மற்போரன்று கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரைச்சல் போடுகிறது. இவர் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார். முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் நின்றவர்களுக்கு இது புரியும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு ஒன்று. பாட்டுக்குள் அவன் பெயரே இல்லை. பாட்டின் அடிக்குறிப்புதான் அதைச் சொல்கிறது. ஐந்திணைப் பாட்டில் இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. கைக்கிளை அந்த ஐந்தில் சேராது, சொல்லியிருக்கலாம். இருந்தும் நக்கண்ணையார் சொல்லவில்லை. பிற்காலத்தில் இது தலைகீழாகிவிட்டது. முத்தொள்ளாயிரத்திலும் ஒட்டக்கூத்தரின் மூவருலாவிலும் உலா வரும் அரசன் இன்னான் என்று ஊருக்கே தெரியும். ஏங்கி நிற்கும் பெண்களுக்குத்தான் பெயர் கிடையாது. பேதை, பெதும்பை என்று வயதுக் கணக்கோடு சரி.

இனிக் கொஞ்சம் அமெரிக்கா போய் வரவேண்டும், ஏனென்றால் கத்தரிக்கோலை உண்மையிலேயே கையில் எடுத்த ஆண் ஒருவர் அங்கே இருந்தார். ஜோசப் கார்னெல். நியூயார்க்கில் தாயோடும் உடல்நலமில்லாத தம்பியோடும் வாழ்ந்து, கல்யாணம் செய்துகொள்ளாமலே போனவர். 'ஈஸ்ட் ஆஃப் போர்னியோ' என்ற 1931-ஆம் வருஷப் படத்தின் சுருள் அவரிடம் வந்து சேர்ந்தது. ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஓடும் சாதாரணப் படம். அதில் நாயகி ரோஸ் ஹோபார்ட் வரும் துண்டுகளை முக்கியமாக வைத்துக்கொண்டு, கதையைத் தூக்கி எறிந்து, சுமார் 19 நிமிஷமாக ஒட்டினார். அவர் திரும்புகிறார், யோசிக்கிறார், யாரையோ பார்க்கிறார். யாரை என்பது தெரியாது. நீலக் கண்ணாடி வழியாக அதை 1936 டிசம்பரில் ஜூலியன் லெவி காலரியில் காட்டினார். பார்வையாளர்களில் ஒருவர் ஓவியர் சால்வடார் டாலி. தன் மனத்தில் இருந்ததைத் திருடிவிட்டான் என்று கூச்சல் போட்டு ப்ரொஜெக்டரைத் தள்ளிவிட்டார். கூச்ச சுபாவமுள்ள கார்னெல் அதற்குப் பிறகு அந்தப் படத்தை வெளியில் காட்டுவதே அபூர்வமாயிற்று. அதுவும் ஒருவகையில் பீரோவுக்குள் போன படம்தான். இன்று கணினியில் நடிகர் படங்களை வெட்டிச் சேர்க்கும் கலைக்கு இதைத்தான் மூதாதையாகச் சொல்கிறார்கள்.

இந்த வியாதிக்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். 1971-இல் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'குட்டி'யில், தர்மேந்திராவைக் காதலிக்கும் பள்ளிப் பெண்ணாக ஜெயா பாதுரி. ஸ்டுடியோவுக்கே அழைத்துப் போய், சினிமா எல்லாம் வெறும் செட் என்று காட்டித் தெளிவிக்கிறார்கள். அத்தையைத் திருத்தவேண்டும் என்று தாத்தா கூட்டிப்போன படம் இது. திரும்பி வரும்போது, "தர்மேந்திராவும் பரவாயில்லை" என்றாராம் அத்தை.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கலைஞர் கண்டிஸ் ப்ரைட்ஸ் 2005-இல் செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கிறது. மிலான் நகரில் மடோனாவின் ரசிகர்கள் 30 பேரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே ஸ்டுடியோவில் நிறுத்தி, ஓர் ஆல்பம் முழுவதையும் பாடவைத்துப் பதிவு செய்தார். முப்பது திரைகளில் முப்பது பேரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள். மடோனாவின் முகமும் இல்லை, குரலும் இல்லை. உலாவில் பெயரில்லாமல் நின்ற பெண்கள் இங்கே முன்னுக்கு வந்து, அரசனைக் காணாமல் அடித்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் குளியலறையில் பாடுவது போல ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். இன்னொருவர் நிஜமாகவே மேடை ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வார். சம்மதித்து வந்து பாடியவர்கள். யாரையும் திருட்டுத்தனமாக எடுத்ததல்ல.

அந்தச் சம்மதம்தான் இப்போது காணாமல் போயிருக்கிறது. 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனா லிஃப்டுக்குள் நுழைவதாக ஒரு வீடியோ நாடெங்கும் சுற்றியது. முகம் மட்டும் அவருடையது. உடம்பு வேறொரு பெண்ணுடையது. என் அத்தை ஒட்டிய அதே கணக்கு, திசை மட்டும் மாறியிருக்கிறது. 2024 ஜனவரியில் டெல்லி போலீஸ் ஆந்திராவில் ஓர் இளைஞரைக் கைது செய்தது. அந்த நடிகையின் ரசிகர் பக்கத்தை நடத்தியவர் அவர், அதற்கு ஆள் சேர்க்கவே இதைச் செய்தார் என்றது போலீஸ். எதிரி இல்லை ஐயா, ரசிகர்! ரஷ்மிகாவுக்காவது குரல் கொடுக்கப் பலர் வந்தார்கள். உடம்பைப் பறிகொடுத்த அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி எத்தனை பேர் யோசித்தோம்? நீதிமன்றங்களும் பெயருக்கும் முகத்துக்கும் காவல் போடுகின்றன. ரஜினிகாந்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றமும், அனில் கபூருக்கு 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்தன. அவை பெயருள்ளவர்கள் போய்த் தட்டக்கூடிய கதவுகள்.

கத்தரித்த விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தவரை யாரும் ஏமாறவில்லை. அத்தையும் ஏமாறவில்லை. பாதிக் காது போன அந்த விளிம்பு, இது என் ஆசை, நடந்தது இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பீரோவின் காகிதத்துக்கு அடியில் இருந்தவரை அந்த நடிகைக்கும் அதனால் ஒரு குறையும் வரவில்லை.

படத்தைப் பார்த்த அத்தையின் பேத்தி, "பாட்டி, நான் சரி பண்ணித் தரேன்" என்று செல்போனில் படம் பிடித்து ஏதோ தட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விளிம்பு போயிற்று. காது முழுதாக வந்தது. முகத்துக்கு நிறம் ஏறி, ராஜேஷ் கன்னா அத்தையின் பக்கம் திரும்பி அவரையே பார்த்துச் சிரித்தார். 2012-இல் காலமானவர்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் ரெட்டைப் பின்னல் எங்கேடி?" என்று கேட்டார். பிறகு அந்தப் பழைய பக்கத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.